பதினெட்டாவது மைக்ரானில்

இயற்பியல் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் பசையக்கா. அவளுடைய ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டிக்கும் தாள் பேராசிரியரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. "இன்னிக்கு ஒரு நாள் வாய வச்சுக்கிட்டு சும்மா இரு, அக்கா" என்று தங்கை சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

முடியளவுப் படிகத்தை இரண்டு தகடுகளுக்கு நடுவே பசையால் ஒட்டுவது பதினொரு வருடமாக அவள் வேலை. அதைக் கடுங்குளிரில் வைத்து, தகடுகளை மைக்ரான் மைக்ரானாக நெருக்குவார்கள். உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் எல்லைக்கு ஒரு வடிவம் உண்டு. ஃபெர்மிப் பரப்பு என்பார்கள். நெருக்க நெருக்க அது நீண்டு, ஒரு கட்டத்தில் பக்கத்துப் பரப்பைத் தொட்டு ஒன்றாகிவிடும். அங்கே எலக்ட்ரான்கள் மந்தமாகும், ஒன்றையொன்று அதிகமாக முட்டும். திரையில் மின்தடைக் கோடு மேடாக எழும்.

கணக்குப்படி மேடு பன்னிரண்டாவது மைக்ரானில் வரவேண்டும். வந்தது பதினைந்தில். எலக்ட்ரான்களின் மோதல்தான் தள்ளிப்போட்டது என்று பேராசிரியர் கட்டுரையே எழுதிவிட்டார். அன்று மாலை அதை இதழுக்கு அனுப்ப வேண்டும்.

"சார், பசை வழுக்கினா தகடு மட்டும் நகரும், படிகம் நெருங்காது. அப்பவும் மேடு தள்ளித்தான் வரும்."

"நீங்க பசையைப் பாருங்கம்மா. எலக்ட்ரானை நான் பாத்துக்கறேன்."

"பசையைத்தான் பாக்கறேன் சார். தளர்த்திட்டு இன்னொரு தடவை நெருக்குங்க. பசை வழுக்குதுன்னா மேடு இன்னும் தள்ளிப் போகும். எலக்ட்ரான் வேலைன்னா திரும்பவும் பதினஞ்சுலதான் வரும். அப்படி வந்தா நான் பேசவே மாட்டேன்."

"படிகம் உடைஞ்சா? இருக்கறது இது ஒண்ணுதான்."

ஆனாலும் அவர் தளர்த்திவிட்டு மறுபடி நெருக்கினார். கட்டுரை தப்பாகிவிடுமோ என்ற பயம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும்.

பதினைந்து கடந்தது. கோடு அசையவில்லை. பதினாறு. பதினேழு. பதினெட்டில் மேடு எழுந்தது.

"ஒட்டினது யாரு?" என்றார் பேராசிரியர், தெரியாதவர் போல.

கண்டுபிடிப்பாக இருந்தவரை அந்தக் கேள்வி எழவில்லை. கட்டுரையிலிருந்த ஆறு பெயர்களில் அவள் பெயர் இல்லை.

"நான்தான் சார். பசை காய ஒரு நாள் வேணும்னு சொன்னதும் நான்தான். மதியத்துக்குள்ள முடிக்கச் சொன்னது நீங்க. எழுதறதா இருந்தா எல்லாத்தையும் எழுதுங்க."

கட்டுரை போகவில்லை. ஒப்பந்தத் தாளில் கையெழுத்தும் விழவில்லை. அவள் பழைய பசையைச் சுரண்டி, படிகத்தைப் புதிதாக ஒட்டி, கருவி மேல் ஒரு சீட்டு வைத்தாள்: "நாளை இதே நேரம்வரை யாரும் தொடக்கூடாது."