நாற்பது பலகை

இரண்டு வருடங்களில் அண்ணி ஒருவரைக்கூடச் சுட்டதில்லை. ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் வரும். யார் எத்தனை பேரைச் சாய்த்தார்கள் என்று அதில் இருக்கும். கொழுந்தனுக்கு நேரே நானூறு, நானூற்றைம்பது என்று நிற்கும். அண்ணிக்கு நேரே பூஜ்யம். வாரம் தவறாமல் பூஜ்யம். அதில் அவளுக்கு வெட்கமும் கிடையாது, பெருமையும் கிடையாது. சமைத்தவளிடம் போய் நீ எத்தனை தட்டு காலி செய்தாய் என்று யாரும் கேட்பதில்லையே என்பது அவள் கட்சி.

ஆட்டம் இதுதான். செத்தவர்கள் எழுந்து அலை அலையாக வருவார்கள். மொத்தம் முப்பது அலை. நான்கு பேர் சேர்ந்து தாக்குப்பிடிக்க வேண்டும். மூன்று பேர் சுடுவார்கள். ஒருவர் பலகை சேர்த்துச் சுவர் கட்ட வேண்டும், உடைந்த இடத்தை அடைக்க வேண்டும், தோட்டா தீர்ந்தவனுக்குத் தோட்டா கொடுக்க வேண்டும், விழுந்தவனைத் தூக்கி நிறுத்த வேண்டும். இந்த நாலாவது வேலைக்கு உலகத்தில் எங்குமே ஆள் கிடைப்பதில்லை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்லி வைத்தவர்கள் இந்தக் காலத்து ஆட்களைப் பார்த்ததில்லை. இவர்கள் பந்திக்கும் முந்துகிறார்கள், படைக்கும் முந்துகிறார்கள். பலகை தூக்கச் சொன்னால்தான் காணாமல் போகிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு பலகைதான் தூக்க முடியும் என்பது வேறு.

அண்ணிக்கு நாற்பத்தாறு வயது. பல்செட் செய்யும் கூடத்தில் இருபது வருட வேலை. வாயில் இருக்கிற பல்லைப் பார்ப்பவர் டாக்டர். வாயில் இல்லாத பல்லைச் செய்பவள் அண்ணி. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேர்கிறதா என்று பார்ப்பாள். அவள் செய்த பற்கள் ஊரெல்லாம் கடித்துக்கொண்டிருக்கின்றன. கடிப்பவர்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

கொழுந்தன் அவள் கணவரின் தம்பி. இருபத்தொன்பது வயது, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. நாள் முழுவதும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்பவருக்காகத் தன் பக்கத்து பிரேக்கில் கால் வைத்திருப்பவன். வீட்டுக்கு வந்து ஆட்டத்தில் உட்கார்ந்தால் பிரேக்கே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய கூட்டத்தில் நாலாவது ஆள் வரவில்லை. "சும்மா கையில புடிச்சிக்கிட்டு உக்காருங்க அண்ணி, ஒண்ணும் பண்ண வேணாம்" என்றான். சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது. சுவரில் ஓர் ஓட்டை தெரிந்தது, அடைத்தாள். இன்னொன்று தெரிந்தது, அதையும் அடைத்தாள். அதுவரை ஆறாவது அலையைத் தாண்டாதவர்கள் அன்று பதினான்கு வரை போனார்கள். மறுவாரம் கொழுந்தன் தன் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, அவன் அறைக்கு அடுத்த அறையில், இஸ்திரி மேசைமேல் அவளுக்காக வைத்தான்.

மற்ற இருவரில் ஒருவர் நீச்சல் வாத்தியார், கொழுந்தனின் நண்பர். இன்னொருவன் வேறு ஏதோ ஒரு நாட்டுக்காரன். எல்லோரும் அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் அவள் பெயர் என்று எடுத்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்: அண்ணி, செவுரு, ஐயோ. இந்த ஆட்டத்துக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை.

சேர்ந்த முதல் மாதத்தில் அண்ணி ஒரு தப்புச் செய்தாள். சுவர் கட்டுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. சுற்றிலும் அழகாக மூடி முடித்துவிட்டுப் பார்த்தால் கொழுந்தன் வெளியே நின்றான். "அண்ணி, தொறங்க" என்ற குரல் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டிலும் கேட்டது, பக்கத்து அறைச் சுவர் வழியாகவும் கேட்டது. திறப்பதற்குள் அவன் போய்விட்டான். அன்றிலிருந்து எந்தச் சுவர் கட்டினாலும் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு வைத்துவிடுவாள். கதவுக்கு நாற்பது பலகை.

வீண் செலவு என்று அவளுக்குத் தோன்றவில்லை. பல்செட்டிலும் அப்படித்தான். வாய் சும்மா இருக்கும்போது மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் செய்தால் பேசும்போது பல் தட்டும், தாடை வலிக்கும், மூன்றாம் நாள் செட் திரும்பி வரும்.

ஆனால் முப்பதாவது அலையை அவர்கள் ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. தாண்டும்போது விழாமல் நிற்பவனுக்கு மட்டும் ஒரு சிவப்புத் தலைக்கவசம் கிடைக்கும். கொழுந்தனுக்கு அது வேண்டும். நிஜத்தில் அவனிடம் தலைக்கவசம் இருக்கிறது. மாட்டச் சொன்னால் மாட்ட மாட்டான்.

ஒரு வியாழக்கிழமை சாப்பிடும்போது கொழுந்தன் தன் தட்டைப் பார்த்துப் பேசினான். முக்கியமான விஷயங்களைத் தட்டிடம் சொல்வதுதான் அவன் வழக்கம்.

"இந்த ஞாயித்துக்கிழமை அந்தக் கதவு வேணாம் அண்ணி."

"ஏன்?"

"நாப்பது பலகை அதுக்கே போயிடுது. கடைசி அலையில அடைக்கப் பலகை இல்ல. அங்கதான் ஒவ்வொரு தடவையும் விழறோம்."

"நீ வெளிய ஓடுறதால விழறோம்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சேர்த்துச் சொல்ல அண்ணிக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

"என்கூட வேலை பாக்குறவன் ஒருத்தன் இருக்கான்" என்று மென்று விழுங்கினான் கொழுந்தன். "அவனும் செவுரு கட்டுவானாம். கதவெல்லாம் வைக்க மாட்டானாம். நீங்க வெச்சே ஆகணும்னா, அவனைக் கூப்பிடலாம்னு..."

அதுவரை அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தார். "எந்தக் கதவு? தாழ்ப்பாள் சரியில்லையா?"

மறுநாள் அவர் வீட்டுப் பின்கதவுக்கு எண்ணெய் போட்டார்.

அண்ணிக்கு வலித்தது. கூடத்தில் எட்டு மணி நேரம் பேசாத பற்களோடு உட்கார்ந்திருப்பாள். வீட்டில் கணவர் நல்லவர், ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசுவார். அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தனுக்கு ஏழு வயது. பள்ளியில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பது வரை அவளிடம்தான் வந்து சொல்வான். வளர்ந்த பிறகு ஒன்றும் சொல்வதில்லை. ஞாயிறு பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை மட்டும் "அண்ணி தோட்டா, அண்ணி இங்க, அண்ணி சீக்கிரம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது. அதனால் கதவை விட்டுக்கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கதவில்லாமல் கட்டினாள். பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. மிச்சமான பலகையில் சுவரை இரட்டையாக்கி, துப்பாக்கி நீட்ட மட்டும் இடுக்கு விட்டாள். இருபதாவது அலை போனது, இருபத்தைந்து போனது. முப்பது வந்தபோது ஒரு பக்கமும் விரிசல் இல்லை. வாத்தியார் முதல் தடவையாகச் சிரித்தார்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. தரை அதிர்ந்தது. செத்தவர்களிலேயே பெரியவன் ஒருவன் உண்டு. கடைசி அலையில்தான் வருவான். அவனைச் சாய்த்தால் நூறு பேரைச் சாய்த்த கணக்கு. கொழுந்தன் அவனைப் பார்த்தான். தோட்டாப் பெட்டிமேல் ஏறிச் சுவரைத் தாண்டி வெளியே குதித்தான்.

பெரியவனைச் சாய்த்தும் விட்டான். அதற்குள் தோட்டா தீர்ந்தது. சுவரைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினான், சின்னக் கதவு இருக்கும் இடத்துக்கு. இரண்டு வருடப் பழக்கம். அங்கே சுவர் இருந்தது. அதன் அடியிலேயே விழுந்தான்.

அலை முடிய ஐம்பது விநாடி. அண்ணி உள்ளேயே இருந்தால் மூன்று பேருக்குச் சிவப்புக் கவசம். விழுந்தவனுக்குக் கிடையாது. அவனைத் தூக்க வேண்டுமென்றால் சுவரை உடைத்து வெளியே போய், ஏழு விநாடி மண்டியிட வேண்டும்.

ஹெட்செட்டில் கொழுந்தனின் சத்தமே இல்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் மைக் அணைந்திருந்தது. கதவு வேண்டாம் என்று சொன்னவன் அவன்தான். கூப்பிட வாய் வரவில்லை. ஆனால் அடுப்புச் சத்தம் கேட்பதற்காக அண்ணி எப்போதும் ஒரு காதைத் திறந்தே வைத்திருப்பாள். அந்தக் காதில், அறைச் சுவர் வழியாக, தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல ஒரு குரல் வந்தது.

"அண்ணி."

அண்ணி சுத்தியலை எடுத்துத் தான் கட்டிய சுவரைத் தானே உடைத்தாள். இரட்டைச் சுவர், ஆறு தடவை அடிக்க வேண்டியிருந்தது. "அண்ணி, செவுரு, செவுரு" என்றான் வெளிநாட்டுக்காரன். அவள் மண்டியிட்டாள். ஏழு விநாடியும் முழுதாக இருந்தாள். கொழுந்தன் எழுந்தான். அதற்குள் உடைத்த இடத்தின் வழியாக ஊரே உள்ளே போய்விட்டது. ஒருவர் மிச்சமில்லாமல் நால்வரும் விழுந்தபோது கடிகாரத்தில் பத்தொன்பது விநாடி பாக்கி. வெளிநாட்டுக்காரன் தன் மூன்றாவது சொல்லைச் சொன்னான்.

"நீங்க அந்தச் செவுரு கட்டுறவரையே சேத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி ஹெட்செட்டைக் கழற்றினாள்.

அந்த வாரம் கொழுந்தன் தட்டிடம்கூடப் பேசவில்லை. அண்ணி ஒரு மேல்செட்டில் இடது கோரைப்பல்லை வலது பக்கம் வைத்துவிட்டாள். இருபது வருடத்தில் முதல் தடவை. சனிக்கிழமை கம்ப்யூட்டரைத் துடைத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசையில் போர்வையை விரித்தாள்.

ஞாயிறு பதினோரு மணிக்கு அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் மூன்று தட்டு.

"அண்ணி, வாங்க."

"உன் ஆளு வரலையா?"

"வர வேணாம்னுட்டேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். சட்டை காலரை முடிக்கவில்லை. கம்ப்யூட்டரை இழுத்துப் போட்டு ஆட்டத்துக்குள் போனாள். முதல் அலைக்கு நாம் மணி அடிக்கும்வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பலகை சேர்க்கலாம். யாரும் இன்னும் அடித்திருக்கவில்லை. வாத்தியாரும் வெளிநாட்டுக்காரனும் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நின்றார்கள். அவள் வழக்கமாகச் சுவரின் பின்பக்கத்தைத் தொடங்கும் இடத்தில் பலகை அடுக்கியிருந்தது. பக்கத்தில் கொழுந்தன், கையில் துப்பாக்கி இல்லாமல். இரண்டு வருடத்தில் ஒரு பலகைக்குக்கூடக் குனிந்திராதவன்.

"காலையிலேருந்து ஒவ்வொண்ணா தூக்கிக்கிட்டு நடக்குறான்" என்றார் வாத்தியார்.

"கதவுக்கு" என்றான் கொழுந்தன். "நாப்பது இருக்கு."

அண்ணி எண்ணினாள். முப்பத்தொன்பது இருந்தது. இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு நடந்து போய் ஒரு பலகையை எடுத்து வந்து, அந்த அடுக்கின் அடியில் சேர்த்துவிட்டு, கதவு வைக்கத் தொடங்கினாள்.