இரண்டு பங்கு கொடுத்துப் பூட்டிய கமரா

எங்கள் தொடர்மாடிக்குக் கமரா பூட்ட வேண்டும் என்று முதலில் கத்தியவள் நான்தான். அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனமில்லை. அந்தக் கட்டடத்தில் அப்போது இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் முகத்துக்கு நேரே சிரிப்பார்கள்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட கட்டடம் அது. இரண்டாம் மாடியில் நானும் கணவரும். அவருக்குப் புறக்கோட்டையில் புடைவைக் கடையில் வேலை, எனக்குக் காலி வீதியில் ஒரு மருந்துக்கடையில். எங்களோடு என் தம்பி இருந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடா விசாவுக்குக் காத்திருந்தான். வயது இருபத்துநான்கு. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுக்கு அந்த வயதில் ஓர் ஆண்பிள்ளை வந்து சேர்ந்தால், அந்த வீட்டில் யாருக்கும் ஒழுங்காக நித்திரை வராது. நான் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தரம் போய்ப் பார்ப்பேன். வெளியே ஏதாவது வாகனம் நின்றால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு பல்கனிக்கு ஓடுவேன். எத்தனை கறி அடிப்பிடித்தது என்று கணவரைக் கேட்டால் சொல்வார்.

தம்பி விடயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. வடக்கிலிருந்து வந்து தங்குபவர்கள் பொலிசில் பதிய வேண்டும். அவன் வந்து இறங்கியது கொழும்பின் மற்றப் பக்கம், கொட்டாஞ்சேனையில், கணவரின் சின்னம்மா வீட்டில். பதிந்ததும் அந்த விலாசத்தில்தான். ஆனால் அது ஒரே அறையும் ஆறு பேருமான வீடு. அவன் என் கண்முன்னால் இருந்தால்தான் எனக்கு நிம்மதி என்று, மூன்றாம் நாளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பதிவை மாற்றப் போனால் ஏன் வந்தாய், ஏன் மாறினாய் என்று ஆயிரம் கேள்வி வரும். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே புத்திதான் சொன்னார்கள்: இருக்கிறதைக் கிளறாதே. அதனால் அவன் காகிதத்தில் கொட்டாஞ்சேனையிலும், சோற்றுக்கும் படுக்கைக்கும் வெள்ளவத்தையிலுமாக இருந்தான். எங்களைப் போல எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் நடந்தது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெடியனைப் பட்டப்பகலில் வெள்ளை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடைக்காரர், ஓட்டோக்காரர் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கேட்டால் ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை. மனிதர் பார்த்தால் வாய் திறக்க மாட்டார்கள், கமரா என்றால் அது பாட்டுக்குப் பதிந்து வைக்கும் என்று தோன்றியது. அன்றைக்கே கட்டடக் கமிட்டிச் செக்ரட்டரியிடம் போனேன். அவர் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கீழ் வீட்டில் தனியாக இருந்தார்.

"அக்கா, அந்த வானுகளுக்கு நம்பர் பிளேட்டே இல்லையாம். கமரா என்னத்தைப் பிடிக்கப் போகுது?" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. உனக்காகத்தான் நான் நாயாய் அலையிறன்" என்று அவன் மேல் பாய்ந்தேன்.

பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் விலை கேட்டோம். மூன்று கமராவும் பதிவுப் பெட்டியும் வயர்க் கூலியும் சேர்த்துத் தொண்ணூற்றாறாயிரம். வீட்டுக்கு எட்டாயிரம். அந்த நாளில் எங்களுக்கு அது சின்னக் காசில்லை. நான் படி ஏறி இறங்கி வீடு வீடாகக் கேட்டேன். முணுமுணுத்தாலும் பத்து வீட்டார் கொடுத்தார்கள். மறுத்தது ஒரே ஒரு வீடு, எங்களுக்கு நேர் மேலே மூன்றாம் மாடியில் இருந்த முஸ்லிம் குடும்பம். கணவனுக்குப் புறக்கோட்டையில் சொந்தக் கடை, காசுக்குக் குறைவில்லை. அந்த அம்மா கதவைப் பாதி திறந்தபடி கேட்டார்:

"தங்கச்சி, களவன் வந்தா கமரா புடிக்கும், சரி. புடிச்ச படத்த யாரு பாக்கப் போறது? அதச் செல்லுங்க மொதல்ல."

"செக்ரட்டரிதான். வேற ஆர்?"

"இன்டைக்கு அவரு. நாளைக்கு? எங்கட ஊட்டுல ரெண்டு கொமருப் புள்ளயள் ஈக்கிது. நான் சல்லி தர மாட்டன்."

கஞ்சத்தனத்துக்கு என்ன வடிவான சாட்டு என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருக்கலாம். "உங்கட வீட்டில பிடிச்சுக்கொண்டு போறதுக்குப் பெடியன் இல்லைத்தானே, உங்களுக்கு எங்க விளங்கும்" என்று படியில் நின்று எல்லா வீட்டுக்கும் கேட்கச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். அந்த ரோசத்தில் ஒரு காப்பை அடைவு வைத்து அவர்களுடைய பங்கையும் நானே கட்டினேன். இரண்டு பங்கு கட்டினவள் என்ற உரிமையில், ஒரு கமரா எங்கள் கதவைப் பார்த்தபடி இரண்டாம் மாடிப் படியில்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அப்படியே பூட்டினார்கள். மற்ற இரண்டும் கேற்றிலும் வாகனம் விடும் இடத்திலும்.

பெட்டி செக்ரட்டரி வீட்டு விறாந்தையில், டீவிக்குப் பக்கத்தில். மனுசன் அதோடு நாடகம் பார்ப்பதையே விட்டுவிட்டார். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் பையில் மீன், யார் பையில் போத்தல் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எனக்கோ பெரிய ஆறுதல். தம்பி பின்னேரம் ஆறு மணிக்கு இங்கிலிஷ் வகுப்பால் வந்து கேற்றில் நுழைவது அதில் பதிகிறது என்று நினைத்தாலே நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேற்றுக்குச் சற்றுத் தள்ளி, கமராவுக்குப் படாமல் நின்ற யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள் களவு போனது. மறுநாள் காலை செக்ரட்டரி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"பிள்ளை, பொலிஸ் பின்னேரம் கமரா பாக்க வருதாம். வந்து போறவையை அடையாளம் காட்ட வீட்டுக்கு ஒராள் வரட்டாம்."

கடைசிப் பத்து நாள் படம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பத்து நாளும் அதில் என் தம்பி இருந்தான், காகிதத்தின்படி கொட்டாஞ்சேனையில் இருக்க வேண்டியவன். மேல் வீட்டு அம்மா கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவனை உடனே கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினேன். படத்தை அழிக்க முடியுமா என்று செக்ரட்டரி கடைக்காரருக்குப் போன் எடுத்தார். முழுவதையும் அழிக்கலாம், ஒரு ஆளை மட்டும் அழிக்க முடியாதாம். களவு நடந்த அடுத்த நாள், தமிழர் குடியிருக்கும் கட்டடத்தில் வெறும் பெட்டியைக் காட்டினால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் போனை வைத்தார்.

பின்னேரம் ஒரு சார்ஜனும் ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்கள். கேற்றுக் கமராவில், களவு போன நேரத்தை மட்டும்தான் பார்த்தார்கள், ஐந்தரையிலிருந்து ஆறரை வரை. நாங்கள் எல்லோரும் பின்னால் நின்றோம். ஆறு மணிக்கு என் தம்பி திரையில் வந்தான். தோளில் பை. கேற்றில் நின்று செருப்பில் ஒட்டிய மண்ணை உதறினான்.

சார்ஜன் படத்தை நிறுத்தினார். இந்த மல்லி, இந்தத் தம்பி, யார், எந்த வீடு என்று சிங்களத்தில் கேட்டார். முன்னால் நின்றவள் நான். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தன்னே நே மாத்தயா" என்றேன். தெரியாது ஐயா.

சொல்ல வேண்டும் என்று நினைத்து வந்த வார்த்தை இல்லை அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பின்னால் செக்ரட்டரி இருமினார். சார்ஜன் மற்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் அசையவில்லை.

அப்போது மேல் வீட்டு அம்மா முன்னால் வந்தார். நல்ல சிங்களத்தில், பதறாமல் சொன்னார்: அவர் எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்க வரும் மாஸ்டர், கொட்டாஞ்சேனையில் இருக்கிறார், அங்கே பொலிஸ் பதிவும் இருக்கிறது.

அவனுக்கு எங்கே பதிவு என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று திகைத்தேன். படியில் நின்று நான் போட்ட சத்தங்களில் எதைத்தான் அவர் கேட்கவில்லை! சார்ஜன் எழுதிக்கொண்டார். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளைத் தாண்டி வந்தவர் என்பதால், நாளைக் காலை அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்து வாக்குமூலம் கொடுங்கள் என்றார். அந்த அம்மாவிடம்தான் சொன்னார். நான் அவனைத் தெரியாதவள் அல்லவா?

மறுநாள் காலை என் தம்பியைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனது அவரும் அவருடைய கணவரும். நான் மருந்துக்கடையில் நின்று, இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்று மருந்தைக் கொடுத்தேன். முதலாளி ஏசினார். ஏசட்டும் என்று நின்றேன். பகல் ஒரு மணிக்கு அந்த அம்மா கடை வாசலில் வந்து நின்றார்.

"உட்டுட்டாங்க. பதிவும் அய்டின்டியும் பாத்தாங்க, எழுதி எடுத்தாங்க, அவ்வளவுதான். அழாதீங்க தங்கச்சி, ஆக்கள் பாக்கிறாங்க."

என்னை மன்னியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பனடோல் ஒரு கார்ட் தாங்க என்று சல்லியை நீட்டினார். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. வாக்குமூலம் கொடுத்த மாஸ்டர் திடீரென்று காணாமல் போனால் அதுவே சந்தேகம். அதனால் அவன் கொட்டாஞ்சேனையில் படுத்து, கிழமைக்கு மூன்று நாள் பஸ் ஏறி வந்து, மேல் வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்மையாகவே கணக்குப் படிப்பித்தான். மூத்தவள் அந்தத் தவணையில் நல்ல மார்க்ஸ் எடுத்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். செக்ரட்டரி எனக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்:

"பிள்ளை, தெரியாதெண்டு சொன்னது நீங்கள். இனி அவர் உங்கட வீட்டுக்குள்ள வாறது கமராவில விழுந்தா, பொலிஸ் திரும்பி வரேக்க எல்லாரும் சேர்ந்துதான் உள்ள போகவேணும்."

தம்பிக்குப் போனில் அதையே சொன்னேன். வந்தால் நேரே மேலே போ, எங்கள் கதவைத் திரும்பியும் பாராதே என்றேன். "ஓம் அக்கா" என்றான்.

அவன் மாஸ்டராக வந்த முதல் நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறி சமைத்து, அந்த அம்மாவின் மகள் மூலமாக மேலே அனுப்பியிருந்தேன். ஏழரைக்கு அவன் இறங்கி வரும் சத்தம் கேட்டது. எனக்கு அவன் காலடி தெரியும். எங்கள் தளத்தில் வந்ததும் அந்தச் சத்தம் நின்றது. பிறகு கதவில் ஒரு தட்டு. மெதுவாக, ஒரே ஒரு தரம்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன். கை தாழ்ப்பாளில் இருந்தது. கணவர் எழுந்து வந்தார். வேண்டாம் என்று அவரைக் கையால் தடுத்தேன்.

பிறகு அவன் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகும் ஐந்து மாதம் அவன் அந்தப் படியால் ஏறி இறங்கினான். விசா வந்தது. கொட்டாஞ்சேனையில் நின்று அவனைக் கட்டிப்பிடித்து அழுது வழியனுப்பினேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவிலிருந்து போன் எடுப்பான், மணிக்கணக்காகக் கதைப்போம். அந்தத் தட்டைப் பற்றி மட்டும் இன்றுவரை அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்த ஐந்து மாதத்தில் அவன் இன்னொரு தரம் தட்டவுமில்லை.