பிறைக்காரனுக்குக் கேட்கணும்

அப்பாவின் நாடகக் குழுவில் யாருமே பார்த்திராத ரசிகர் ஒருவர் இருந்தார். பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊரில் வேலை முடிந்து, ஃபெர்ரி பிடித்து, தாமதமாக வந்து சேர்ந்து, மாதா கோயில் மண்டபத்தின் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர். அப்பா அவரைப் பிறைக்காரன் என்பார். "முன்னால உக்காந்திருக்கிறவன் எப்படியும் கேட்டுக்குவான். அந்தப் பிறைக்காரன் அவ்வளவு தூரம் வந்திருக்கான், அவனுக்குக் கேக்கணும் லா."

அதனால் ஒத்திகை நாட்களில் அந்தக் கடைசி பெஞ்சில் அப்பாவே உட்கார்ந்துகொள்வார். வசனம் காதில் விழவில்லை என்றால் கத்த மாட்டார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உயர்த்துவார். மேடையில் இருப்பவர் அந்த வசனத்தை மறுபடி, உரக்கச் சொல்ல வேண்டும். கைக்குட்டை இறங்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய வெள்ளிக்கான பாடுகளின் நாடகத்தில் இயேசுவுக்குத் தீர்ப்பிடும் பிலாத்துவாக நடித்த லாரி டிரைவர் அண்ணன், ஒரே தீர்ப்பைப் பதினொரு முறை சொல்லிவிட்டு, "அண்ணே, இதுக்கு அவரை விடுதலையே பண்ணிடலாம்" என்று கெஞ்சியது எனக்கு நினைவிருக்கிறது.

பகலில் அப்பா துறைமுக அலுவலகத்தில் கிளார்க். அங்கே அவர் குரல் யாருக்கும் கேட்டிருக்காது, அவ்வளவு சாது. எல்லா அதிகாரமும் மண்டபத்திலும் வீட்டிலும்தான். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் என்பதால் எனக்குத் தலை வாரிப் பின்னி, யூனிஃபார்ம் தேய்த்து, அரிசிச் சேமியா பீஹூன் பிரட்டி டப்பாவில் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. பின்னும்போதே வசனம் சொல்லிப் பார்ப்பார். காட்சி சூடு பிடிக்கப் பிடிக்கப் பின்னலும் இறுகும். பிலாத்து தீர்ப்புச் சொன்ன காலை எல்லாம் எனக்குப் பள்ளியில் தலைவலிதான்.

இடைநிலைப் பள்ளியில், படிவம் இரண்டில், கணக்கில் தோற்றேன். பயந்துகொண்டே வந்து சொன்னேன். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வசனம் சரி. ஆனா இது தோத்தவ நடந்து வர்ற மாதிரியா இருக்கு? ஏதோ பசார்ல மீன் வாங்கிட்டு வர்ற மாதிரி வர்ற. வெளிய போய் மறுபடி வா."

போனேன், வந்தேன். திருப்தியில்லை. மூன்றாவது முறை வாசலில் நின்றபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. "ஆங், இது!" என்று எழுந்து வந்து கட்டிக்கொண்டார். அப்புறம் மோட்டார்சைக்கிளில் உட்கார வைத்து ஐஸ் கச்சாங் வாங்கித் தரக் கூட்டிப் போனார். மார்க் எவ்வளவு என்று கடைசிவரை கேட்கவில்லை.

அவர் மகளாக இருந்தும் எனக்கு மேடையில் ஒரு நல்ல வேடம் கிடைத்ததில்லை. என் குரல் மூன்றாவது பெஞ்சோடு நின்றுவிடும். எருசலேம் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று கையை ஆட்டுவதோடு என் கலை வாழ்க்கை முடிந்தது.

ஆனால் அந்தக் கைக்குட்டைப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது போலிருக்கிறது. என் கல்யாணத்தன்று கைபிடித்துப் பீடம்வரை அழைத்து வந்து விட்டவர், முதல் பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார வேண்டியவர், அப்பா, ஆளைக் காணோம். நான் என் வாக்குறுதியைச் சொன்னேன். சொல்லி முடித்துத் தலை நிமிர்ந்தால், கோயிலின் கடைசியில், கதவோரம், வெள்ளையாக ஒன்று உயர்ந்து நிற்கிறது. நான் யோசிக்கவே இல்லை. முழு வாக்குறுதியையும் முதலிலிருந்து உரக்கச் சொன்னேன். பாதிரியார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், தான் எதையோ விட்டுவிட்டோமோ என்று. நாடகக் குழு மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ஒரே நாளில் ஒரே ஆளை இரண்டு முறை கட்டிக்கொண்டவள் பினாங்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"கண்ணைத் துடைக்கத்தான் எடுத்தேன்" என்று அப்பா பிற்பாடு சாதித்தார். தலைக்கு மேலே யாருக்குக் கண் இருக்கிறது?

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் கொஞ்சம் தேறியது, குரல்தான் போய்விட்டது. பக்கத்தில் குனிந்தால்கூட காற்று மட்டும்தான் வந்தது. பேச்சுப் பயிற்சி தர வந்த மலாய்ப் பெண், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்று "பாக்சிக், குவாட் சிக்கிட்" என்று தினமும் கொஞ்சிப் பார்த்தாள். அப்பா அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் குரலைத் திரும்பக் கேட்டாக வேண்டும் என்ற வெறிதான் எனக்கு. அவர் பையிலிருந்து கைக்குட்டையை உருவி, வார்டின் கதவருகே போய் நின்று உயர்த்தினேன்.

முறைத்தார் பாருங்கள், அப்படி ஒரு முறைப்பு. மூச்சை இழுத்தார். "சாப்... சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணே, கஞ்சிதான்" என்றார் பக்கத்துக் கட்டிலில் இருந்த சுங்கை பினாங்கு ஊர்க்காரர்.

வார்டே சிரித்தது. நான் கைக்குட்டையை இறக்கினேன், அதிலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டேன். அதன் பிறகு இரண்டு வாரம் தினமும் ஒத்திகைதான். இயக்குநர் நான்.

இரண்டாவது முறை பக்கவாதம் வந்தபோது திரும்பியிருந்த அந்தக் குரலும் போய்விட்டது. கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். உதடு அசைந்தது, புருவம் ஏறி இறங்கியது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். எல்லாம் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. வாயருகே காதை வைத்தேன். மூச்சுதான் பட்டது. முடித்துவிட்டு, கேட்டதா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"கேட்டுச்சுப்பா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் வலது கை போர்வைமேல் தடவியது. தலையணை ஓரம் கிடந்த கைக்குட்டையைப் பிடித்தது. நாலு விரல் உயரம்கூட இருக்காது, தூக்கிக் காட்டினார்.

எழுந்து நின்றேன். "கேட்டுச்சுப்பா! எல்லாம் கேட்டுச்சு!"

வார்டில் எல்லோரும் திரும்பினார்கள், கதவருகே மருந்துத் தள்ளுவண்டியோடு நின்ற தாதிகூட. பிறைக்காரன் வந்திருந்தால் அவனுக்கும் கேட்டிருக்கும். கைக்குட்டை இறங்கியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. "சாப்பிட்டியான்னுதான் கேட்டிருப்பாரு" என்கிறார் அம்மா. இருக்காது, அது அவ்வளவு நீளமான வசனம் இல்லை. கைக்குட்டை இப்போது என்னிடம்தான் இருக்கிறது. தூக்கிப் பிடித்தால், திருப்பிச் சொல்ல ஆள் இல்லை.