ஒன்பதாவது வில்லில் ஒரு முறுக்கு

அன்று காலை எங்கள் வீட்டு வாசலில் வாழைப்பழம் இல்லை.

பதினோரு மாதமாக, ஞாயிறு தவிர, எதிர்வீட்டு ஜீப்பு உறுமுவதற்கு முன்பே எங்கள் வாசற்படியில் ஒரு வாழைப்பழம் வந்து உட்கார்ந்திருக்கும். வைத்தவர் ஜீப்புக்காரர் வேலாயுதம் மாமா. ஏன் வைத்தார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அன்று பழமும் இல்லை, உறுமலும் இல்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலைக்குக் கிளம்பிய அம்மா, தூக்குவாளியோடு தெருவைக் கடந்து போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"கனி, மாமா எந்திரிக்கலடி."

"நடிக்கிறாரும்மா. நம்பாத" என்றேன் நான்.

அவர் இறந்த செய்திக்கு இந்த உலகத்தில் சொல்லப்பட்ட முதல் பதில் அதுதான். அம்மா அடிக்கக்கூட இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முப்பதாம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்கிறோம், நீ எழுது என்று ஜீப் ஸ்டாண்டு முருகேசன் அண்ணன் கேட்டபோது, "நல்லா எழுது, ஆனா நக்கல் பண்ணாத" என்றார். அண்ணே, முதல் பாதி முடியும், இரண்டாம் பாதி முடியாது. மாமாவைப் பற்றி நக்கல் இல்லாமல் எழுதினால் அது வேறு யாருக்கோ எழுதிய அஞ்சலி ஆகிவிடும்.

ஸ்டாண்டில் உங்கள் எல்லோருக்கும் அவரை ஓட்டுநராகத் தெரியும். கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் பேச்சையும் ஓட்டுவார். அவர் வீட்டு முன்னறைச் சுவரில் இருந்த ஒன்பது வில்களை உங்களில் பாதிப் பேர்தான் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் மலைமேல் தோட்டங்களை நடத்திய துரைமார்கள் வேட்டைக்கென்று கப்பலில் வரவழைத்த கைவேலை வில்கள். வேட்டை சட்டப்படி நின்ற பிறகு அவை பங்களாப் பரண்களில் ஏறிவிட்டன. சாதாரண வில் போல அவை பிறை வடிவில் வளைந்து நிற்காது. இரண்டு முனையும் எய்பவனைப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாகத் திரும்பி வளைந்திருக்கும், முறுக்கிவிட்ட மீசை மாதிரி. மாமா அதற்கு 'மீசை வில்லு' என்றே பெயர் வைத்திருந்தார். நான் அவருக்கு 'வில்லாயுதம்' என்று பெயர் வைத்தேன். அதை அவர் ஜீப்பின் பின்பக்கம் சாக்பீஸில் எழுதியும் விட்டேன். அழிக்காமல் ஒரு வாரம் ஓட்டினார்.

முதல் வில் கிடைத்த கதையை அவரே சொல்லிக் கேட்க வேண்டும். மேலே ஒரு தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், துணி காயப்போடும் கயிற்றுக்கு முட்டுக் கொடுத்த கம்பாக அது நின்றதாம். ஓர் அக்கா அதில் பாவாடை காயப்போட்டிருந்ததாம். மாமா ஜீப்பில் மூங்கில் ஏற்றிக்கொண்டு போய், நல்லதாக ஒன்றை நட்டுக் கொடுத்துவிட்டு அந்தக் 'கம்பை' எடுத்து வந்தார். புது நாண் வாங்கிப் பூட்டினார். ஆயுத பூசைக்கு ஜீப்பு பானெட்டில் கட்டி, சந்தனம் வைத்து மாலை போட்டார். ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம். மூன்றாம் வருடம் போடிமெட்டு டீக்கடையில் நின்ற ஒரு கொச்சிக்காரர், மாலையை விலக்கிப் பார்த்துவிட்டு, டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தாராம்.

"சேட்டா, இது திரிச்சா கெட்டியிரிக்குன்னே!" நாணைத் திருப்பிக் கட்டியிருக்கிறதாம்.

நாண் இல்லாமல் கிடக்கும்போது மீசை வில் தன் பாட்டுக்கு ஒரு பக்கம் வளைந்திருக்கும். அந்த வளைவின் வழியே பூட்டத்தான் யாருக்கும் தோன்றும், சுலபமாகவும் வரும். ஆனால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் வளைத்துத்தான் பூட்ட வேண்டும். மாமா மூன்று ஆயுத பூசைக்கு சாமியைத் திருப்பிப் போட்டுக் கும்பிட்டிருக்கிறார். சிரித்த அந்தக் கொச்சிக்காரர் ஜோஸ் அண்ணன்தான் பிறகு அவருடைய நெருங்கிய கூட்டாளி ஆனார். அவரும் வில் சேகரிப்பவர். எந்த மரம், எந்தப் பட்டறை என்று இருவரும் போனில் பேச ஆரம்பித்தால் மாமாவின் மனைவி செல்வராணி அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடும்.

வில்லுக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்த பங்களா, கைப்பிடி என்ன மரம், இழுக்க எத்தனை இறாத்தல், அதாவது பவுண்டு, பலம் வேண்டும், எல்லாம் அதில் உண்டு. கீழே 'காயம்' என்று ஒரு தலைப்பு. ஒவ்வொரு கீறலுக்கும் யார் காரணம் என்று விசாரித்து எழுதுவார். 'கயிறு அறுத்த தடம்: லயத்து அக்கா'. 'பல் தடம்: பங்களா நாய்'. முதல் வில்லின் காயத்தில் 'தலைகீழ் நாண்' என்று எழுதி, எதிரே காரணம் 'நான்' என்று பேனாவில் போட்டிருந்தார். நாணுக்கும் நானுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம் என்று நான் கிண்டல் செய்தேன். "அந்தச் சுழிதான் எனக்குச் சரியில்ல" என்றார்.

பாலீஷ் போடவே மாட்டார். தேய்த்துப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று வந்த ஆசாரியை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"சீவுனா புதுசாயிரும் அப்பு. புதுசு கடையிலயே கிடைக்குதே."

வனத்துறையிலிருந்து ஒரு முறை ஆள் வந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் நான் தவம் கிடந்து கேட்டேன்.

"இதெல்லாம் வேட்டை வில்லாமே?"

"ஆமா சார்."

"அம்பு எங்க?"

"ஒண்ணுகூட இல்ல சார். தேடிப் பாருங்க."

"அப்புறம் எதுக்கு வச்சிருக்கீங்க?"

மாமா ஏழாவது வில்லைக் கீழே இறக்கி அவர் கையில் கொடுத்தார். நடுவில் ரோஸ்வுட் கைப்பிடி. அதிலிருந்து இரண்டு பக்கமும் மெல்லிய மரப் பட்டைகளைப் பாய் மடித்த மாதிரி அடுக்கி ஒட்டியிருப்பார்கள். எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துத் தடவினாலும் தெரியாது. வார்னிஷுக்கு அடியில் செய்தவர் மையால் எழுதிய எண் அப்படியே இருந்தது, ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோட்டோடு. அந்தக் கோட்டை வைத்தே இதுவும் நாலாவது வில்லும் ஒரே கை செய்தவை என்று மாமா கண்டுபிடித்திருந்தார்.

"கொல்றதுக்குச் செஞ்சதுதான் சார். ஆனா அத மட்டும் நெனச்சிருந்தா அந்தாளு இம்புட்டு அழகா இழைச்சிருக்க மாட்டான்."

வந்தவர் வில்லைத் திருப்பித் தர அரை மணி நேரம் ஆனது. அதற்குள் ஒன்பதையும் பார்த்துவிட்டார்.

இனி என் கதை. எனக்கும் மாமாவுக்கும் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. அவர் ஜீப்பில் நான் எல் போர்டு ஒட்டினேன். அவர் கவனிக்காமல் போடிமெட்டு வரை போய் வந்தார். மறுநாள் அதே போர்டு என் சைக்கிளில் தொங்கியது. கீழே 'இன்னும் ஆரம்பிக்கவே இல்லை' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. இதற்குப் பழிவாங்காமல் விட முடியுமா? ஒரு மதியம், அவர் லோடு போயிருந்தபோது, அத்தை மாவு அரைத்துக்கொண்டிருக்கையில் உள்ளே நுழைந்தேன். ஒன்பதாவது வில்லை எடுத்து நாண் பூட்டினேன். ஆச்சரியமாக, சுலபமாக வந்தது. ஒரு விளக்குமாற்றுக் குச்சியை அம்பாகச் செருகி, அவருடைய காக்கிச் சட்டையை அதில் மாட்டி, ஜன்னலில் தொங்கவிட்டேன். மேற்கு ஜன்னல். போடி வெயில். நாலு மணி நேரம்.

ஆம், தலைகீழாகத்தான் பூட்டியிருக்கிறேன். முதல் வில்லின் கதையைப் பத்து தடவை கேட்டுச் சிரித்தவள் நான். கேட்டதற்கும் செய்ததற்கும் நடுவே என் மூளை லீவு.

மாமா வந்து பார்த்தார். கத்துவார் என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலில் நின்றேன். சட்டையை எடுத்து மடித்து வைத்தார். நாணை அவிழ்த்தார். சரியான பக்கம் பூட்டி, ஒரு முனையைக் கண்ணருகே பிடித்து, நீளவாக்கில் பார்த்தார். நாண் நடுவில் ஓடவில்லை. வில்லின் இடது பாதி, மாமா பாஷையில் அதன் 'இடது கை', முறுக்கிக்கொண்டு, நாண் விளிம்பைத் தாண்டிக் கிடந்தது. ஐம்பது அறுபது வருடம் பரணிலும் பனியிலும் கோணாமல் இருந்த கை. அவர் முகத்தில் கோபம் வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"யாரு பூட்டுனது?"

"குரங்கு வந்துச்சு மாமா" என்றேன்.

வாயில் வந்ததைச் சொன்னேன். குரங்கணிப் பக்கத்துக் குரங்கு எங்கள் தெருவுக்கு எப்போதாவது வரும், அந்தத் தைரியம். மாமா என்னைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்தார். பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது. அதை விட்டுவிட்டு மேசையில் பென்சிலைத் தேடினார். ஒன்பதாம் பக்கத்தில் 'இடது கை முறுக்கு. காரணம்: குரங்கு' என்று பொறுமையாக எழுதினார். மறுநாள் காலை எங்கள் வாசலில் முதல் வாழைப்பழம்.

"என்னடி இது?" என்றாள் அம்மா.

எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "குரங்குக்கு வச்சேன் ஆத்தா. இந்தப் பக்கமாத்தான் வருதாம், கனி சொல்லுச்சு."

கனிக்குக் கனி. அம்மாவுக்கு விஷயம் தெரியாது, அவள் பாட்டுக்கு அதைத் தோலுரித்து என் டிபன் பெட்டியில் வைத்தாள்.

அன்று மாலையே கூப்பிட்டார். "குரங்கு வந்து பிடிக்காது. நீ வந்து பிடி." வெந்நீரில் நனைத்த துணியை வில்லின் கையில் சுற்றி, முறுக்குக்கு எதிராகத் திருப்பி, சூடு ஆறும் வரை அசையாமல் பிடிக்க வேண்டும். "நீ இப்ப கிளாம்பு. கிளாம்பு பேசாது" என்றார். தினமும் மாலை, மூன்று வாரம். வாழ்க்கையிலேயே நான் பேசாமல் இருந்த நேரம் அதுதான். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வரும். ஒவ்வொரு நாளும் ஒரு ஜோக்கை விழுங்கித் தண்ணீர் குடிப்பேன். அவர் கேட்கவே இல்லை. கடைசியில் நாண் நடுவுக்கு வந்தது. முழுக்க இல்லை, ஒரு நெல் அளவு தள்ளி நின்றது.

"இன்னும் நாலு நாள் பிடிக்கட்டுமா மாமா?"

"போதும். அந்த ஒரு நெல்லு கிடக்கட்டும். நடந்தது நடந்ததுதான்."

அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் ஒன்பதாவது வில்லிடம் நின்று, "இது குரங்கு பூட்டுனது. நாப்பத்தஞ்சு இறாத்தல் வில்ல பூட்டுற குரங்கு உலகத்துலயே நம்ம போடியிலதான் இருக்கு" என்பார். என்னைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார். நானும் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பேன். பழம் மட்டும் தினமும் வந்தது.

பதினாறாம் நாள் ஜோஸ் அண்ணன் கொச்சியிலிருந்து வந்திருந்தார். வில்களை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. "அதது அங்கங்க இருக்கட்டும்" என்று அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. பிறகு ஜோஸ் அண்ணன் நோட்டைப் பிரித்து, அவருடைய மலையாளத் தமிழில் பக்கம் பக்கமாக வாசித்தார். ஸ்டாண்டு ஆட்கள் எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்து கேட்டீர்கள். நாய்க்குச் சிரித்தீர்கள், பாவாடைக்குச் சிரித்தீர்கள். ஒன்பதாம் பக்கம் வந்தது. 'காரணம்: குரங்கு'. முருகேசன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை.

"அது நான்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பதினோரு மாதத்துப் பழமும் அவள் கண்ணில் ஒவ்வொன்றாக இறங்கியது.

அத்தைதான் பேசியது. "அவருக்குத் தெரியும்டி. எனக்கும் தெரியும். மத்தது எல்லாத்தையும் பேனால எழுதுனவரு இத எதுக்குப் பென்சில்ல எழுதுனாரு? நீ வந்து அழிச்சு எழுதுவேன்னு அன்னைக்கே ஒரு ரப்பர் வாங்கிட்டு வந்து இந்த நோட்டு வைக்கிற டப்பாலயே போட்டாரு."

டப்பாவைத் திறந்து நீட்டியது. வெள்ளை ரப்பர். நாலு மூலையும் கூர் மழுங்காமல் இருந்தது.

நான் அழிக்கவில்லை. சீவினால் புதுசாகிவிடும் என்று சொன்னவரின் நோட்டில் ரப்பர் போட எனக்குக் கை வரவில்லை. அவருடைய பென்சில் எழுத்தை அப்படியே விட்டு, கீழே பேனாவில் எழுதினேன்: 'பூட்டியது கனிமொழி, எதிர்வீடு. குரங்கு நிரபராதி.'

ஒன்பதாவது வில் அதே சுவரில், ஒரு நெல் தள்ளிய நாணின் கதையோடு இருக்கிறது. வந்து பாருங்கள், அத்தை டீ போடும். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ரப்பரை மட்டும்தான். இன்னும் ஒரு மூலைகூடத் தேயவில்லை.