தட்டை உடைக்கத் தெரியாத முனியராஜ்

சிவகாசி பக்கம் விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அய்யம்மாளுக்கு, செல்போனில் பழைய இங்கிலாந்துச் சிரிப்புத் தொடர்கள் என்றால் உயிர். அவற்றில் ஒன்றைச் சிவகாசிக் கதையாக மாற்றி, மே தின மேடைக்கு நாடகமாக எழுதினாள். வேலைக்காரன் தட்டைப் போட்டுடைத்து முதலாளியிடம் திட்டு வாங்குவான். மூலத்தில் சிரிப்பே அங்கேதான்.

வேலைக்காரனாக நடித்த முனியராஜும் அதே ஆலையின் மருந்து அறையில் வேலை செய்பவன்தான். ஒத்திகையில் ஒவ்வொரு முறையும் தட்டைப் பூப்போல வைத்தான்.

"ஏலே, போட்டு உடைலே!"

"கை வர மாட்டேங்குதுக்கா. இருபது வருசமா எதையும் டொக்குன்னு வச்சதில்ல. வச்சா ரூமே வெடிச்சுப் போயிரும்ல."

மறுநாள் நாடகம். யாரும் சிரிக்காவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. அய்யம்மாள் யோசித்தாள். மருந்து அறைக்குள் கால் வைக்காதவருக்குத்தானே பொருளை வீசத் துணிச்சல் வரும்? பழியும் பரிகாசமும் மட்டும் வேலைக்காரனுக்கு எதற்கு?

"தட்டை முதலாளி கையில குடுலே."

மேடையில் முதலாளி வேடக்காரர் கோபத்தில் தட்டை விட்டெறிந்தார். சத்தம் கேட்டதும் முன்வரிசையில் இருந்த பட்டாசு ஆலைப் பெண்கள் பழக்கத்தில் எழுந்து ஓடப் போய், ஒருவரையொருவர் பார்த்துக் குலுங்கிச் சிரித்தார்கள். அப்போது முனியராஜ், அவள் எழுதாத வசனத்தைச் சொன்னான்:

"மெதுவா வைங்க முதலாளி, இங்கன ஆளுக இருக்கோம்!"

சிரிப்பில் பந்தலே அதிர்ந்தது. அடுத்த வசனத்துக்கு அய்யம்மாள் வெகுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.