கட்டை இறகுக்காரியின் சாட்சி

நெல் தூரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தட்டு... தண்ணீரில் தவிடு உதிர்ந்தது போல விழும். அடுத்த நொடி அந்தத் தவிடு நடக்க ஆரம்பிக்கும். முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் அரித்தது.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத சமயம். விவசாய இலாகாவில், குடியானவர்களுக்கு வயலிலேயே செய்து காட்டுகிற டிமான்ஸ்ட்ரேட்டர் வேலை, சின்னமனூர்ப் பக்கம் முதல் போஸ்டிங். சொந்த ஊர் ஆண்டிபட்டி. வானம் இருட்டிக்கொண்டு வந்தாலும், நனைந்த பிறகுதான் மழை என்று ஒத்துக்கொள்கிற ஊர். அந்தப் புத்தி எனக்கும் உண்டு. சர்க்கார் கொடுத்த லென்ஸையே வெயிலில் காட்டி, ஒரு காகிதத்தைப் பொசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டேன்.

ஊரும் எனக்குச் சளைத்ததில்லை. சர்க்கார் நெல்லைக் கட்டாயக் கொள்முதல் செய்துகொண்டிருந்த காலம். வயலில் குனிந்து பூச்சி பிடிக்கிறவனை யார் நம்புவார்கள்?

"பூச்சி பாக்குறாப்புல பாத்து, கதிர எண்ணிட்டுப் போறாக" என்று என் காதுபடவே பேசுவார்கள்.

அங்கேதான் அந்தத் தகராறு வந்தது. வீரணன், அவர் மனைவி ஒச்சம்மா. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. சின்னச்சாமி என்பவரின் வயலை வாரத்துக்கு உழுது, விளைந்ததில் அவருக்குப் பங்கு அளந்து கொண்டிருந்தார்கள். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் நடுவே வட்டவட்டமாகக் கருகிவிட்டது. சுற்றிலும் பச்சை, நடுவில் தீ வைத்த மாதிரி. தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற புகையான் பூச்சி என்றால் இன்றைக்கு விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அந்தப் பக்கம் அது அபூர்வம்.

"மண்ணெண்ணெய ஊத்திக் கருக்கிப்புட்டு, வெளச்சல் இல்லேன்னு கைய விரிக்கப் பாக்குறான். மிச்ச நெல்லு குமுளி மலை ஏறி மலையாளத்துக்குக் கள்ளத்தனமாப் போயிரும். எனக்குத் தெரியாதாக்கும்?" என்றார் சின்னச்சாமி.

பூச்சி இல்லை என்று நான் சொல்லிவிட்டால், அறுப்போடு நிலத்தைப் பிடுங்கிவிடுவார். வீரணன் குடும்பத்தின் சோறு அந்த வயலில்தான் இருந்தது.

வயலில் இருக்கிற பூச்சியைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னேன். இரண்டு தரப்பும் ஆளுக்கொரு சீசாவோடு என் ஆபீசுக்கு வந்தார்கள். சின்னச்சாமியின் சீசாவில் பச்சைப் பூச்சி. இறகு நுனியில் மட்டும் கருப்பு.

"எங்க வீட்டு வெளக்குலயுந்தேன் தெனம் விழுது. என் சொந்த வயலு கருகியா போச்சு?" என்றார்.

லென்ஸை வைத்துப் பின்னங்காலைப் பார்த்தேன். சீப்புப் பல் மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன முட்கள். அது பச்சைத் தத்துப்பூச்சி. இப்படி வட்டம் போட்டுக் கருக்குகிற ஜாதி அதில்லை.

ஒச்சம்மாவின் சீசாவில் பழுப்புப் பூச்சி. பின்னங்காலில் ஒரே ஒரு பெரிய முள், சண்டைச் சேவலுக்குக் கட்டின கத்தி மாதிரி. ஊசியால் தொட்டால் அசைந்தது. புகையானேதான்!

எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. கேட்டதும் இவ்வளவு சரியான பூச்சி எப்படிக் கிடைத்தது? அதுவும் பறக்கக்கூடிய நீள இறகு வேறு. எந்த ஊர் வயலிலும் பிடித்திருக்கலாம்.

"இது ஒங்க வயல்ல பிடிச்சதுதான்னு நான் எப்படி நம்புறது?" என்றேன்.

"வந்து பாருங்கய்யா. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா பூச்சி தெரியுமா?" என்றாள் ஒச்சம்மா.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் வயலில் இறங்கினேன். கருகின வட்டத்தின் ஓரத்தில், இன்னும் பச்சையாக நின்ற தூரைத் தட்டினேன். விழுந்ததில் நிறைய, இறகு பாதி முதுகோடு நின்றுபோன கட்டைப் பூச்சிகள். குஞ்சு என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் வயிறு முட்டையோடு உப்பியிருந்தது. தாய்ப் பூச்சி. கூடவே நிஜக் குஞ்சுகளும், எல்லா அளவிலும்.

தீனி தாராளமாக இருக்கிற இடத்தில் புகையானுக்கு இறகு நீளமாக வளராது. அதனால் பறக்க முடியாது. அப்படியானால் அந்தக் கூட்டம் அங்கேயே பிறந்து, அங்கேயே குடும்பம் நடத்துகிறது. மண்ணெண்ணெய் ஊற்றின இடத்தில் குஞ்சு பொரிக்குமா?

சின்னச்சாமியை வரப்புக்கு வரவழைத்து லென்ஸைக் கொடுத்தேன். முதலில் லென்ஸையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க காட்டுறதத்தேன இது காட்டும்?"

பிறகு அவரே ஒரு பூச்சியைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"றெக்க இல்லாதது இங்கனதேன் பெறந்திருக்கணும்..." அவர் வாயாலேயே வந்துவிட்டது. "சரிலே வீரணா. நெலம் ஒங்கிட்டயே இருக்கட்டும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வீரணன் கும்பிடக் கையைத் தூக்கினார். ஒச்சம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இத்தன வருசம் ஒங்களுக்கு நெல்லு அளந்தோம் மொதலாளி. எங்க வார்த்தைய நம்பல, ஒரு பூச்சியோட றெக்கைய நம்புனீக. அடுத்த வருசம் வேற ஏதாச்சும் வந்தா எங்களுக்கு யாரு சாச்சி? தேவாரத்துல எங்கண்ணன் மானாவாரிக் காடு வச்சிருக்காக. கூலி வேலையின்னாலும் அங்கன போறோம்."

அறுப்பு முடிந்ததும் சொன்னபடியே போய்விட்டார்கள். சின்னச்சாமி மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எதையோ ஒளிச்சு வச்சிருக்கான் சார்... இல்லேன்னா நெலத்த விட்டுட்டு எவன் போவான்?" என்று கேட்பார்.

இப்போது சின்னமனூர்ப் பக்கம் மருந்துக்கடைச் சுவரிலேயே புகையான் படம் பெரிதாக ஒட்டியிருக்கிறது. கால் முள், நீள இறகு, கட்டை இறகு, எல்லாம் கலரில். போனில் படம் பிடித்தால் பேரே வந்துவிடுகிறதாம்.

நூறு வயதை நெருங்குகிற நான் சொல்லச் சொல்ல இதை டைப் அடிக்கிற பேத்தி கேட்கிறாள்: "அப்பவே இதெல்லாம் இருந்திருந்தா, அவுக ஊர விட்டுப் போயிருக்க மாட்டாகல்ல தாத்தா?"

எனக்கு அதிலும் சந்தேகம்தான்... நானும் சின்னச்சாமியும் ஆளுக்கொரு போனோடு வயலில் இறங்கியிருப்போம். ஒச்சம்மா சொன்னதை அப்போதும் நம்பியிருக்க மாட்டோம்.