மூன்று நாள் என்று சொன்னேன்

எனக்கு இரண்டு கண்ணும் பருத்திமார்க் குச்சி குத்திப் போனதாக ஊரில் இன்றும் சொல்கிறார்கள். பருத்திமார் குத்தியது இடது கண்ணில் மட்டும்தான். வலது கண் போனது நான் சொன்ன ஒரு பொய்யால். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற தங்கை மகளுக்கே இது புதிது.

யுத்த காலம். திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் புஞ்சையில் பருத்தி எடுத்து முடித்து, காய்ந்த மாரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு குச்சி ஒடிந்து தெறித்துக் கண்ணில் ஏறிவிட்டது. அப்பா வண்டி கட்டி அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த டாக்டர் பிரசவமும் பார்ப்பார், பல்லும் பிடுங்குவார், பாம்புக்கடிக்கும் அவர்தான். கண்ணை மட்டும் தொட மாட்டேன் என்றுவிட்டார். "கண்ணுக்குன்னு படிச்சவரு மதுரையிலதான் இருக்காரு. நாளைக்கே கொண்டுபோங்க" என்றார். எங்கள் வறண்ட சீமையில் இத்தனை ஊர்க் கண்ணுக்கும் மதுரையில் ஒரே ஒரு ஆள். இதில் எந்தத் துரைக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்பா மதுரைக்குப் போகவில்லை. பந்தல்குடி மளிகைக்கடைக்காரருக்கு என்னைப் பேசி முடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

"மதுரை பஸ்ஸுல பந்தல்குடி ஆளுக நாலு பேராவது இருப்பாக. பொண்ணு நொள்ளைன்னு பேச்சாயிரும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

சித்தி கைக்குழந்தைக்காரி. அவளுடைய பாலைத் தினமும் என் கண்ணில் பீய்ச்சினார்கள். வலி உயிர் போயிற்று. கத்தினால் அம்மா வாயைப் பொத்தினாள். மணவறையில் வெளிச்சம் தாங்காமல் குனிந்தே கிடந்தேன். என்ன அடக்கம் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மெச்சிக்கொண்டார்கள்.

தாலி ஏறியதும் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "அங்க போயி, விறகு ஒடிக்கையில குத்திருச்சுன்னு சொல்லிரு. இனிமே அவுக பாடு."

அப்படியே சொன்னேன். வீட்டுக்காரர் பதறிப்போனார். வந்த அன்றைக்கே விறகு ஒடிக்க விட்டதற்காகத் தன் அம்மாவைத் திட்டித் தீர்த்தார். மூன்றாம் நாள் கடையை அடைத்துவிட்டு என்னை மதுரைக்குக் கூட்டிப்போனார். பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓட்டிய பஸ் அது, மேட்டைக் கண்டால் நின்றுவிடும். வழியெல்லாம் வேட்டி நுனியில் ஊதி ஊதிக் கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்தார். அவரை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. அதனாலேயே உண்மையைச் சொல்லப் பயமாக இருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் பாதி வராந்தா எங்கள் பக்கத்துச் சனம். டாக்டர் என்னிடம்தான் கேட்டார். "குத்தி எத்தனை நாளாச்சும்மா? சரியாச் சொல்லு, அதை வச்சுத்தான் வைத்தியம்."

"மூணு நாளு" என்றேன்.

அவர் நம்பாமல் மறுபடி கேட்டார். வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூணு நாளுதான்" என்றேன்.

"அப்ப கண்ணை எடுக்க வேண்டாம், பொறுத்துப் பாப்போம்" என்று மருந்து கொடுத்து அனுப்பினார்.

ஒரு மாதத்தில் வலது கண்ணிலும் புகை மூடியது. பந்தல்குடி நாட்டு வைத்தியர் சூடு என்று சொட்டு மருந்து கொடுத்தார். மறுபடி மதுரைக்குப் போய்ச் சேரும்போது எனக்கு வீட்டுக்காரர் முகமே தெரியவில்லை. டாக்டர் கத்தினார். "அது மூணு நாள் காயமே இல்லை. குத்துப்பட்ட கண்ணு ரொம்ப நாள் அப்படியே கிடந்தா நல்ல கண்ணையும் சேத்துக் கெடுத்துரும். உண்மையைச் சொல்லியிருந்தா அன்னைக்கே அதை எடுத்துட்டு இதைக் காப்பாத்தியிருப்பேன்."

"அன்னைக்கு எத்தனை நாளு ஆயிருந்துச்சு?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"பதினஞ்சு" என்றேன். தோளில் கிடந்த அவர் கை விலகியது.

கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தார். பஸ் கிளம்பியதும் நான் ஆரம்பித்தேன். சித்தி பாலை, அம்மா வாய் பொத்தியதை, அப்பா சொல்லிக்கொடுத்ததை, ஒன்று விடாமல் சொன்னேன். கண் போனால் போகிறது, என்னை விட்டுவிடாதீர்கள் என்று அழுதேன். என்ஜின் இரைச்சலில் பதில் எதுவும் கேட்கவில்லை. கோபம் ஆறட்டும் என்று மேலும் மேலும் சொன்னேன். காரியாபட்டியில் பஸ் நின்றது. பின்னாலிருந்து யாரோ ஒரு பொம்பளை கூடையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது எங்க வீட்டுக்காரவுக எடம்" என்றேன்.

"மதுரையிலருந்தே வெறும் சீட்டாத்தான தாயி கெடந்துச்சு" என்றாள்.